ஏ.ஏ.வா, ஸ்மார்ட்டா? குடியை விடுவதற்கு எந்தக் கூட்டத்துக்குப் போவது

சாயங்காலம் ஆறு மணியானால் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்புகிறதா? குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் கூட்டங்களை ஏ.ஏ., ஸ்மார்ட் ரிக்கவரி என்ற அமைப்புகள் நடத்துகின்றன. அவற்றில் அந்த ஆறு மணிக்கு நடக்கும் கூட்டம்தான் உங்களுக்கு முதல் கூட்டம். எந்த அமைப்பு என்பது அடுத்த கேள்வி. ஆனாலும் அமைப்புகளுக்கு இடையே பெரிய வித்தியாசங்கள் உண்டு. அது தெரியாமல் ஒரே ஒரு கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு, ஒத்துவராமல் எழுந்து வந்து, எல்லாக் கூட்டத்தையும் கைகழுவிவிடுகிறவர்கள் நிறைய.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் எச்சரிக்கை. தினமும் அதிகம் குடித்து வந்தவர் சட்டென்று நிறுத்தினால், சுமார் 6 மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனம் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால் அது உயிருக்கே ஆபத்து. காலையில் கை நடுக்கம் நிற்கவே குடிக்க வேண்டியிருக்கிறது என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், கூட்டம் அப்புறம்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கியது. கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே சேருவதற்கான தகுதி. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேச மாட்டார்கள், பெரும்பாலும் அறிவுரையும் சொல்ல மாட்டார்கள். சொன்னது அப்படியே அறையில் நிற்கும். முதல் நாளில் இது சிலருக்கு வெறுமையாகப் படும். மூன்றாவது வாரம் அதுவே நிம்மதியாகும். கூட்டத்துக்கு வெளியே துணைக்கு ஒரு ஸ்பான்சர் உண்டு. குடியை விட்டுப் பல காலம் ஆன அவர், குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த 12 படிகளையும் உங்களோடு சேர்ந்து கடப்பார், தொலைபேசியிலும் கிடைப்பார். 'கடவுள்' என்ற சொல் அடிக்கடி வரும். 'நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்றுதான் படிகள் சொல்கின்றன. பலர் அந்த இடத்தில் குழுவையே வைத்துக்கொள்கிறார்கள்.

ஸ்மார்ட் ரிக்கவரி 1994இல் உருவானது. இங்கே கடவுளும் இல்லை, படிகளும் இல்லை, ஸ்பான்சரும் இல்லை; 'நான் குடிநோயாளி' என்று சொல்ல வேண்டியதும் இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார், உரையாடல் இருபக்கமும் ஓடும். அவர்களின் முக்கியமான கருவி நான்கு கட்டங்கள் போட்ட ஒரு தாள்: குடிப்பதால் லாபம், குடிப்பதால் நஷ்டம், நிறுத்தினால் லாபம், நிறுத்தினால் நஷ்டம். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அது இன்றைக்கு மட்டுமா, நெடுநாளைக்கா என்று குறிக்க வேண்டும். 'உடனே தூக்கம் வரும்' என்ற லாபத்துக்கு எதிரே 'இன்றைக்கு மட்டும்' என்று தன் கையாலேயே எழுதும்போது பலருக்கு உறைக்கிறது. குறை என்னவென்றால், ஏ.ஏ. அளவுக்குக் கூட்டங்கள் அடர்த்தியாக இல்லை. இரவு பதினொன்றுக்கு ஆசை கிளம்பினால் அழைக்க ஆள் வேண்டும் என்பவருக்கு ஏ.ஏ.தான் கைகொடுக்கும், காரணம் கேட்டு வாதாடிப் பார்த்தால்தான் மனம் ஒப்பும் என்பவருக்கு ஸ்மார்ட். இரண்டுக்கும் போவதற்குத் தடை ஏதும் இல்லை.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு 27 ஆய்வுகளை அலசியது. ஏ.ஏ.வுக்கு முறையாக ஆற்றுப்படுத்தும் சிகிச்சை பெற்றவர்களில் 12 மாதம் கழித்தும் 42 சதவீதம் பேர் தொடர்ந்து குடிக்காமல் இருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் 35 சதவீதம். ஆனால் இது சிகிச்சையாளர் ஒருவர் தொடர்ந்து கூட்டத்தில் ஈடுபட வைத்ததன் பலன். எப்போதாவது வந்து பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவருக்கு இதே எண்ணைப் பொருத்த முடியாது.

கூட்டம் தேட இரு அமைப்புகளின் இணையதளத்திலும் வசதி உண்டு. ஏ.ஏ. பட்டியலில் 'மூடிய கூட்டம்' என்று பார்த்ததும் தனக்கு அனுமதியில்லை என்று திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். குடியை நிறுத்த விரும்பும் யாரும் மூடிய கூட்டத்துக்குப் போகலாம், முதல்முறையாக வருபவரும்தான். குடும்பத்தார் கூட வருவதாக இருந்தால் மட்டும் 'திறந்த கூட்டம்' பார்க்க வேண்டும். அவர்களுக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பு தனியாக இருக்கிறது. பட்டியல் பழையதாக இருக்கலாம், இடம் மாறியிருக்கலாம். அன்றைக்கே போன் போட்டு, எந்த வாசல், எந்த மாடி என்பதுவரை கேட்டுக்கொண்டு, 15 நிமிடம் முன்னதாகப் போங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர் நேரே போவது பெரும்பாலும் கடைக்குத்தான்.

இணையவழிக் கூட்டம் எந்த நேரத்திலும் கிடைக்கும், கேமராவை அணைத்தும் கேட்கலாம். முதல் தயக்கத்தை உடைக்க அது நல்லது. ஆனால் கூட்டம் முடிந்ததும் திரை அணைந்துவிடும். நேரில் போனால் நாற்காலிகளை அடுக்குகிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஆட்களோடு பழக்கம் உண்டாகிறது. பேச வேண்டிய முறை வந்தால் 'இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்' என்றால் போதும். உண்டியல் வந்தால் தயங்காமல் அடுத்தவருக்கு நகர்த்துங்கள், புதிதாக வந்தவரிடம் யாரும் காசு எதிர்பார்ப்பதில்லை. கிளம்பும் முன் இரண்டு பேரின் எண்ணையாவது வாங்கி, அன்றிரவே ஒருமுறை சும்மா கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். குடிக்கத் தோன்றும் நேரத்தில் முன்பின் பேசாத எண்ணை அழுத்தக் கை வராது.