கொறங்காட்டில் இரண்டு குதிரைகள்: மூன்று வருடத் தீவனக் கணக்கு

காங்கேயம் பக்கம் நாலு ஏக்கர் கொறங்காட்டில் (வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம்) இரண்டு கத்தியவார் இனப் பெட்டைக் குதிரைகளை மூன்று வருடமாக மேய்ச்சலில் வைத்திருக்கிறேன். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரை முழுக்கக் கொழுக்கட்டைப்புல். ஆனாலும் காட்டை நம்பாமல் முதல் ஆறு மாதம் ஒவ்வொன்றுக்கும் தினம் மூன்று கிலோ கொள்ளு ஊறவைத்துக் கொட்டினேன். மாதம் 12,000 ரூபாய் கரைந்தது.

அப்புறம்தான் டேப் எடுத்து அளந்தேன். நெஞ்சுச் சுற்றை அதாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டம் வரையான நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் (அளவெல்லாம் சென்டிமீட்டரில்) தோராயமான எடை கிலோவில் வரும். பெரியவளுக்குச் சுற்று 163, நீளம் 155, ஆக 347 கிலோ. எடையில் 2 சதவீதம் உலர் தீவனம் என்று வைத்தால் நாளைக்கு ஏழு கிலோ. கார்த்திகை, மார்கழியில் இதைக் காடே கொடுத்துவிடுகிறது.

சரி, கொள்ளைக் குறைத்தேன். கோடையில் புல் காய்ந்ததும், மலிவாகக் கிடைக்கிறதே என்று தவிட்டை அள்ளிப் போட்டேன். அங்கேதான் சறுக்கல். சில மாதத்தில் சின்னவள் ஒரு நாள் பின்னங்காலையும் மறுநாள் முன்னங்காலையும் தாங்கித் தாங்கி நடந்தாள். லாடக்காரருக்கு இரண்டு முறை காசு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. கால்நடை டாக்டர் காலைத் தொடுவதற்கு முன்னாலேயே கேட்டார்: "என்னங்க தீனி போடறீங்க?" புல்லும் தவிடும்தான் என்றேன். "அப்பக் கால்ல தேடாதீங்க" என்றார்.

டாக்டர் விளக்கியது இது: கொழுக்கட்டைப்புல்லில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம், ரெண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க ஆரம்பித்துவிடும். பக்கத்துக் காட்டு மாடுகள் அதே புல்லைத் தின்று தெம்பாகத்தானே நிற்கின்றன என்று கேட்டேன். மாட்டு இரைப்பையில் ஆக்சலேட்டைச் சிதைக்கிற நுண்ணுயிர்கள் உண்டு, குதிரைக்கு அந்த வசதி இல்லையாம்.

தவிட்டை நிறுத்தினேன். இப்போது தலைக்கு ஒரு கிலோ கொள்ளு, இரண்டு கிலோ கடலைக்கொடி, டாக்டர் சொன்ன அளவில் கால்சியம் பவுடர். பவுடரை முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள், வெல்லத் தண்ணீரில் பிசைந்தால் தொட்டியை நக்கிவிடுவார்கள். நடை நேராக நாலு மாதம் ஆனது. செலவு 7,000-க்குள் அடங்குகிறது. கடலைக்கொடியை உதறிப் பார்த்துத்தான் போட வேண்டும், பூசண வாடை வந்தால் எருக்குழிக்குத்தான். சவுண்டல் (சூபாபுல்) மரத்துத் தழை சும்மாவே தருகிறேன் என்றார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். அதிலிருக்கிற மைமோசின் என்ற நச்சுப்பொருளால் குதிரைக்குப் பிடரியும் வாலும் கொட்டிப்போகும், வேண்டாமுங்க என்றுவிட்டேன்.

இந்தச் சித்திரைக்குக் கடலைக்கொடி போர் போட்டாயிற்று, மேலே மூடத் தார்ப்பாய்தான் இன்னும் வாங்கவில்லை.