பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வு: நெல்லைப் பக்கத்தில் எந்த அட்டை கைகொடுக்கும்?

பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். எடின்பரோ அளவுகோல் எனும் பத்துக் கேள்விகள் 1987 முதல் புழக்கத்தில் இருக்கின்றன, தமிழிலும் உண்டு. கேட்க ஒரு ஆள், பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை யார் தருகிறார்கள் என்பதை வைத்தே இங்குள்ள வழிகளை எடைபோடுகிறேன்.

ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்கும். ஆண்டுக்கு 5 லட்சம் வரை செலவை ஏற்கும். இதய அறுவை சிகிச்சை என்றால் அதுதான் குடும்பத்தைக் காக்கும். ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு பேசுகிற அட்டை. பிள்ளை உறங்கியும் தான் உறங்க முடியாமல் விட்டத்தைப் பார்த்துக் கிடப்பவளை யார் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள்?

தனியார் பாலிசியும் ஏறக்குறைய அதே கதைதான். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. இருந்தும், வெளிநோயாளிச் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் தொடுவதில்லை.

இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு ஒரு படி மேல். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கும் அவர் மனைவிக்கும் வெளிநோயாளிச் சிகிச்சையும் மாத்திரையும் கிடைக்கும். ஆனால், திண்ணையில் முறத்தை வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் பலருக்கு அது இல்லை. அவர்களுக்கென்று முக்கூடலில் மத்திய அரசு மருத்துவமனை இருக்கிறது. எங்கே போனாலும், தனக்கு மனசு சரியில்லை என்று அவளேதான் வாய்திறக்க வேண்டும்.

என் ஓட்டு புதன்கிழமைத் தடுப்பூசிக்கே. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், கணவன் ஊர்ச் செவிலியரின் பார்வையிலிருந்து எளிதில் விலகிவிடுவாள். எந்த ஊரில் இருந்தாலும் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள். எடை பார்த்து, ஊசி போட்டு, காய்ச்சல் மருந்து கொடுத்து, அட்டையில் தேதி எழுதும்போதே அவளையும் கேட்டுவிடலாம். அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட், குழந்தையின் பரிசோதனையோடு தாய்க்கும் இந்தச் சோதனையைச் செய்து, குழந்தையின் கணக்கிலேயே செலவு கேட்க 2016இல் வழிசெய்தது. இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமே கிடையாது. கணக்குச் சிக்கலுக்கும் இடமில்லை.

ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் பற்றியது. ஆச்சியோ மாமியாரோ பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்? பிள்ளையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, அவளைத் தனியே அழைத்துத்தான் கேட்க வேண்டும். ஆம் என்றால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரவில் மனம் தவித்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

அந்த எண்ணம் இல்லாமல் மனச்சோர்வு மட்டும் தெரிகிறவர்களுக்கு, பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்டு எனப்படும் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. பாபநாசத்திலிருந்து பச்சை உடம்புக்காரி கைப்பிள்ளையோடு பாளையங்கோட்டை வந்து திரும்பினால் ஒரு நாள் போய்விடும். அதனால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் அவள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வரும் நாளைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளையைக் காட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பிவிடலாம்.