ஹைபிரிட் வேலை: பொள்ளாச்சியிலிருந்து மூன்று வருஷ அனுபவம்

2020 மார்ச்சில் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தவள், 2022இல்தான் மறுபடி ஆபீஸ் படி ஏறினேன். அதிலிருந்து பாதி நாள் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்து வீடு, பாதி நாள் கோயம்புத்தூர் சரவணம்பட்டி ஆபீஸ். சாஃப்ட்வேர் டெஸ்டிங், ஏழு பேர் டீம். மூன்று வருஷத்துக்கு மேல் பழகிவிட்டதால், ஆரம்பத்து உற்சாகமும் எரிச்சலும் வடிந்த பிறகு எழுதுகிறேன்.

வீட்டு நாட்களில் குறை சொல்ல அதிகமில்லை. உக்கடத்துக்கு ஒரு பஸ், காந்திபுரத்துக்கு ஒன்று, சத்தி ரோட்டில் இன்னொன்று என்று போக வர நாலு மணி நேரம் மிச்சம். ஆத்தாவுக்கு நேரத்துக்கு மாத்திரை கொடுக்க முடிகிறது. தனியாகச் செய்கிற வேலை ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், உட்கார்ந்தால் நன்றாகவே ஓடுகிறது.

முதல் வருஷம்தான் வீணாகப் போனது. 'வாரத்தில் ஏதாவது ரெண்டு நாள் வந்தால் போதும்' என்றார்கள். நான் செவ்வாய் போவேன், மற்றவர்கள் வியாழன் வருவார்கள். அவ்வளவு தூரம் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வீட்டில் இருப்பவர்களிடம் வீடியோவில் பேசுவேன். சாயங்காலம் தலை விண்விண்ணென்று தெறிக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் இந்த வீடியோ களைப்புக்கு நாலு காரணம் எழுதியிருக்கிறார்: முகங்கள் எல்லாம் மிக அருகில் நம்மையே உற்றுப் பார்க்கின்றன, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்க்கிறோம், உடம்பை அசைக்க முடிவதில்லை, எதிராளியின் குறிப்பறிய மூளை கூடுதலாக உழைக்கிறது. படித்தபோது என் சாயங்காலங்கள் எனக்குப் புரிந்தன.

போன வருஷம் ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். வீடியோவில் தினமும் "முடிச்சர்றனுங்க்கா" என்பாள். ஒரு புதன்கிழமை என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, எக்செல் வரிகளைத் திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு எண்ணீட்டு இருக்கற?"

"டெஸ்ட் டேட்டாங்க்கா. இருநூறு வரி. தெனமும் கையிலதான் மாத்தறனுங்க."

அதை ஒரு நிமிஷத்தில் தானாக முடிக்கிற ஸ்கிரிப்ட், ஒரு சின்ன புரோகிராம், எங்களிடம் இருந்தது. பத்து நாளாக அவள் கையால் மாற்றியிருக்கிறாள்.

"சாட்ல கேட்டிருக்கலாமல்ல கண்ணு?"

"இதுக்குப்போயி உங்களத் தொந்தரவு பண்றதான்னு உட்டுட்டனுங்க்கா."

எனக்கு உறைத்தது இதுதான்: அன்றைக்கும் அவளாகக் கேட்கவில்லை. அந்த உதட்டைப் பார்த்து நான் கேட்டேன். எழுத்தில் கேட்கும்போது சின்னச் சந்தேகமும் பெரிதாகிவிடுகிறது, தெரியாது என்பது பதிவாகிவிடுமோ என்ற கூச்சம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஆலன் 1970களிலேயே, மேசைகளுக்கு இடையே தூரம் கூடக் கூட இன்ஜினியர்களின் பேச்சு மளமளவென்று குறைவதைக் காட்டியிருக்கிறார். அவர் அளந்தது மீட்டர் கணக்கில். எங்களுக்கு நடுவில் ஐம்பது கிலோமீட்டர்.

அதற்காக ஐந்து நாளும் ஆபீசுக்கு வரச் சொல்வது சரியென்று நான் நினைக்கவில்லை. டிரிப்.காம் என்ற சீனப் பயண நிறுவனத்தில் 1,612 பேரை வைத்துப் பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் புளூமும் மற்றவர்களும் நடத்திய ஆய்வு 2024இல் நேச்சர் இதழில் வந்தது. வாரம் ரெண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். வேலைத் திறனோ பதவி உயர்வோ குறையவில்லை. நான் கவனித்தது இன்னொன்று. அங்கே வீட்டு நாள் அவரவர் இஷ்டம் இல்லை, புதனும் வெள்ளியும் என்று குறித்துக் கொடுத்திருந்தார்கள்.

நாங்களும் செவ்வாய், புதன் என்று நாள் குறித்துவிட்டோம். அந்த நாட்களில் வீடியோ மீட்டிங் வைப்பதில்லை. புதியவர்கள் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருகிறார்கள்.

தாராபுரத்திலிருந்து வரும் ஒருத்திக்குக் கைக்குழந்தை, மாதம் ஒரு செவ்வாய்தான் வர முடிகிறது. அன்றைக்கு ஏழு பேரும் சேர்ந்துதான் டீக்கு இறங்குகிறோம். அவளுக்கு அது போதவில்லை என்று முகத்திலேயே தெரிகிறது. என்ன செய்வதென்று எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.