மாடியில் பிள்ளையோடு போட முளைக்கீரையா, வெண்டையா?

லீவு விட்டால் எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் இந்தக் கேள்வி வந்துவிடும். நாங்கள் இரண்டையும் போட்டுப் பார்த்தவர்கள்.

காத்திருப்பு:
கீரை நான்கைந்து நாளில் முளைக்கும், 25, 30 நாளில் பிடுங்கலாம்.
வெண்டை முளைக்கவே ஒரு வாரம் ஆகலாம், காய் பறிக்க 45 நாளுக்கு மேல். நாலு வயதுக்கு ஒரு வாரம் என்பது ஒரு யுகம். என் மகள் மூன்றாம் நாளே விதையைத் தோண்டியெடுத்து, "தூங்குதாப்பா?" என்று கேட்டுவிட்டு மறுபடி புதைத்தாள்.

இடம், செலவு:
கீரைக்குக் காசிமேட்டு மீன்பெட்டி போதும், அதாவது அந்தத் தெர்மாகோல் பெட்டியில் அடியில் நாலு ஓட்டை போட்டு அரை அடி மண் (நன்றாகக் கழுவுங்கள், இல்லையென்றால் தெருப்பூனை எல்லாம் மாடியில்தான்).
வெண்டைக்கு ஓரடி ஆழப் பை.

விதைப்பு:
கீரை விதை கடுகைவிடப் பொடி, மணலில் கலந்து கொடுக்காவிட்டால் பிள்ளை ஒரே இடத்தில் கொட்டிவிடும்.
வெண்டை விதை மிளகு அளவு. ராத்திரி ஊறவைத்துக் காலையில் எண்ணி எண்ணி நடலாம்.

வெயில்:
அக்னி நட்சத்திரத்தில் கீரை துவளும், மதியம் பழைய வேட்டி கட்டி நிழல் கொடுக்கணும்.
வெண்டை தாங்கும். ஆனால் காயின் சுணை பிஞ்சுக்கையை அரிக்கும், பறிப்பது உங்கள் வேலை.

முதல் தடவை, ஐந்து வயதுக்குள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கீரை. பெரிய பிள்ளை, லீவு முழுக்க வீட்டில்தான் இருப்பீர்கள் என்றால் வெண்டை. எதுவானாலும் தண்ணீர் ஊற்றக் காலை ஏழுக்குள் ஏறுங்கள், அப்புறம் தளம் காலைச் சுடும்.