சுருள் முடிக்கு வீட்டுக் கொண்டிஷனர்: வெந்தயமா, செவ்வரத்தையா, தேங்காய்ப்பாலா?

எங்கள் வீட்டுக் கேத்திலுக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் வெள்ளையாக ஓடு பிடித்திருக்கும். யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீர் கொதிக்க வைக்கிற வீடுகளில் இது புதினமில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருகிற தண்ணீர் கல்சியத்தையும் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. கேத்திலில் படிகிற அதே சுண்ணாம்பு, முழுகுகிற தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. முடி சொரசொரத்து, சீப்பு இறங்க மறுக்கிறது. அதற்கு மேல் சோளகக் காற்றும் வீசத் தொடங்கினால் சொல்லவே வேண்டாம்.

எனக்கும் மகளுக்கும் சுருள் முடி. நேரான முடியில் உச்சியில் ஊறுகிற எண்ணெய் நுனிவரை வழுக்கி இறங்கிவிடும். சுருள் முடியில் ஒவ்வொரு வளைவிலும் அது நின்றுவிடுகிறது. அதனால் உச்சி பிசுபிசுக்கும்போதே நுனி வைக்கோலாக இருக்கும். இந்தத் தலைகளில், இதே தண்ணீரில் பல மாதம் மாற்றி மாற்றிப் பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் தேங்காய்ப்பால். எல்லாரும் புகழ்வது இதைத்தான், எனக்கு ஏமாற்றம் தந்ததும் இதுதான். முதற்பாலைத் தடவி அரை மணி நேரம் விட்டால் வாசமும் மினுமினுப்பும் அருமை. ஆனால் பாலில் இருப்பது தண்ணீரும் கொழுப்பும். வெறும் தண்ணீரில் அலசினால் கொழுப்பு போகாது. அதைப் போக்க ஷம்பூ போட்டால் வைத்த ஈரப்பதமும் அதோடு போய்விடும். மிச்சத்தைப் பிரிட்ஜில் வைத்தாலும் சீக்கிரம் புளித்துவிடும். கறிக்குப் போகிற பாலைத் தலையில் ஊற்ற மனமும் வரவில்லை.

தேங்காயையே விடச் சொல்லவில்லை. அதன் எண்ணெயை முழுகுவதற்கு முன் தடவினால் நல்ல வேலை செய்கிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வு ஒன்றில், முடியிலிருந்து புரதம் கழிவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லோரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறாக இருப்பதால் முடிக்குள்ளேயே இறங்கும். எண்ணெய் முழுக்குக்கு எங்கள் வீட்டில் எப்போதும் நல்லெண்ணெய்தான். அது பெரும்பாலும் மேலே பூச்சாக நிற்கும், அதுவும் வறண்ட முடிக்குப் பயன்தான். ஆனால் நுனி பிளந்த முடிக்கு நான் இப்போது தேங்காய் எண்ணெயைத்தான் எடுக்கிறேன்.

அடுத்தது வெந்தயம். இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தை ஒரு கோப்பைத் தண்ணீரில் இரவு ஊறவிட்டால் காலையில் தண்ணீர் கஞ்சிபோலக் கொழகொழத்து நிற்கும். அந்தக் கொழகொழப்புத்தான் மருந்து: முடியின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, ஒரு மயிர் இன்னொன்றோடு உரசாமல் வழுக்கச் செய்கிறது. அரைத்துப் பூசுகிறவர்கள் அதிகம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சுருளுக்குள் புகுந்த தூளை எடுக்க மூன்று நாள் பிடித்தது. இப்போது அரைப்பதே இல்லை, வடித்த தண்ணீர் மட்டும்தான். வெயிலில் வேர்த்தால் குழம்பு வாசம் எழும் என்பது ஒரு குறை. அம்மம்மாவுக்கு இன்னொரு குறை: "உதை வைச்சுக்கொண்டு நிண்டா பிள்ளைக்குத் தடிமன் பிடிக்குமெல்லே" என்று கிணற்றடிக்கே வந்துவிடுவா. கால் மணி நேரத்துக்கு மேல் வைக்க விடமாட்டா. கச்சான் கடலை ஒத்துவராதவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெந்தயமும் அதே அவரைக் குடும்பம், ஆகவே சிலருக்கு இரண்டுமே ஒவ்வாது.

என் தேர்வு செவ்வரத்தை. பூவை அல்ல, இலையைச் சொல்கிறேன். வேலியோரம் நிற்கிற ஒற்றைச் செவ்வரத்தையில் பதினைந்து இருபது இலை பறித்து, மண் போகக் கழுவி, ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுக் கையாலேயே கசக்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காது, வெறும் பச்சைத் தண்ணீர். அப்புறம் திடீரென்று கை வழுக்கத் தொடங்கும். விரல்களைத் தூக்கினால் நடுவில் நூல்போல இழுபடும். அந்தப் பதம் வந்ததும் பழைய வேட்டித் துணியில் பிழிந்து எடுத்தால், முட்டை வெள்ளைக்கருபோல ஒரு கோப்பை தேறும். பிளெண்டரில் அடிக்க வேண்டாம். இலைத் துணுக்கு நுண்ணியதாகி துணிக்குள்ளாலும் வந்துவிடும்.

ஷம்பூ அலசிய ஈரத் தலையில், காதுக்குக் கீழே இருந்து நுனிவரை இதைத் தடவி, பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுப்பேன். மகளின் பிடரியில் ஒரு முடிச்சு எப்போதும் கட்டிக்கொள்ளும். வெந்தயத் தண்ணீரிலும் அது கொஞ்சம் முரண்டுபிடிக்கும். செவ்வரத்தையில் சீப்பு ஒரு தரம் தயங்கி, பிறகு வழுக்கி இறங்கிவிடும். அவள் கத்தாமல் இருந்ததைக் கேட்டு அம்மம்மாவே வெளியே வந்து பார்த்தா. பத்து நிமிடம் போதும், வெறும் தண்ணீரில் போய்விடும், வாசமும் நிற்காது. ஆனால் அன்றைக்குச் செய்தது அன்றைக்கே தீர வேண்டும். அடுத்த நாள் அது தண்ணீராகி நாறும்.

சோற்றுக் கற்றாழை இந்தப் போட்டியில் எனக்குக் கொஞ்சம் பின்னால்தான். அதன் களியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர். காய்ந்த காற்றில் அது சீக்கிரம் உலர்ந்து முடியை விறைக்கச் செய்துவிடும். மழைக்காலத்தில், முழுகிய பிறகு ஒரு துளி தடவ நல்லது. மடலை வெட்டியதும் கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்து மஞ்சள் பாலை வடியவிட வேண்டும். அவசரத்தில் ஒருமுறை விட்டுவிட்டேன், அன்று முழுக்க உச்சி கடித்தது.

வாழைப்பழம், முட்டை இரண்டையும் விட்டுவிடுங்கள். பழத்துணுக்கு சுருளை விட்டுப் போகாது. முட்டையின் புரதம் முடிக்குள் நுழைய முடியாத அளவு பெரியது, சுடுதண்ணீர் பட்டால் தலையிலேயே அவிந்துவிடும்.

கடைக் கொண்டிஷனரில் உள்ள பொருள்கள் முடியில் ஒட்டிக்கொண்டு, அலசிய பிறகும் நிற்கும்படி செய்யப்பட்டவை. வீட்டுக் கொழகொழப்புக்கு அந்தப் பிடிப்பு இல்லை. ஒவ்வொரு முழுக்குக்கும் புதிதாகச் செய்யத்தான் வேண்டும்.

எதைப் பூசினாலும் எங்கள் ஊரில் கடைசி வாளிதான் பாதி வேலையைச் செய்கிறது. அந்தக் காலத்தில் அரப்போடு தேசிக்காயும் சேர்த்ததன் பலன் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. புளிப்பு, படிந்த சுண்ணாம்பைக் கரைக்கும், முடியின் மேற்செதில்களையும் படிய வைக்கும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு அரைத் தேசிக்காய் தாராளம். ஆனால் சாறு பட்ட தோலோடு வெயிலில் நின்றால் புண்போலக் கறுத்துவிடும், ஆகவே நான் ஒரு மேசைக்கரண்டி வினாகிரியைத்தான் கலக்கிறேன். பிறகு கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டு அலசி, துவாயால் உரசாமல் ஒற்றி எடுப்பேன்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் வினாகிரியும் வேண்டாம். கூரையின் முதல் மழை கழுவி ஓடியபின் பீலிக்குக் கீழே வாளியை வைத்து, அந்தத் தண்ணீரில் கடைசியாக அலசுகிறோம். அதில் சுண்ணாம்பே இல்லை. அந்த இரண்டு மாதமும் மகளின் தலைக்குச் செவ்வரத்தை இலை பத்தே போதுமாக இருக்கிறது.