பேஸ்மென்ட் சுவருக்கு மரச்சட்டமா, ஜி.ஐ. சேனலா?

மேற்கு மாம்பலத்தில் ஒரு பேஸ்மென்டை வாடகைக்கு எடுத்து என் அத்தான் தையல் கூடம் நடத்துகிறார். ஒரு பக்கச் சுவருக்கு ஆசாரி ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து பிளைவுட் போட்டார். எதிர்ப்பக்கத்தை அடுத்த வருஷம் ஜி.ஐ. சேனல் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுச் சட்டம்) நிறுத்தி, ஜிப்சம் போர்டு போட்டு முடித்தார்கள். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். முழங்கால் அளவு தண்ணீர். வடிந்ததும் இரண்டையும் பிரித்தோம்.

மரப் பக்கத்தில் அடி ரீப்பரை ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினேன், நுனி அப்படியே உள்ளே இறங்கியது. ஒரு நாள் வெள்ளத்தில் மரம் இப்படி உளுத்துப் போகாது. தரை விரிசலிலிருந்து பென்சில் பருமனில் ஒரு மண்குழாய் சட்டத்தின் பின்னால் ஏறியிருந்தது. மழைக்கு முன்பே கரையான் குடிவந்துவிட்டது, பிளைவுட் மறைத்ததால் யாருக்கும் தெரியவில்லை. மருந்து அடித்த மரம் கொஞ்ச காலம் தாங்கும்தான். ஆனால் ஓதம் நிற்காத இடத்தில் மரத்தை நம்ப எனக்கு மனசு வரவில்லை.

ஜி.ஐ. பக்கம் சேனல்கள் நேராகவே நின்றன. வெட்டிய முனைகளில் மட்டும் துரு, ஏனென்றால் அங்கே துத்தநாகப் பூச்சு இல்லை. முனைகளுக்கு ஜிங்க் பெயின்ட் தொட்டு வைத்திருக்கலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் அதைக் கட்டாயம் செய்யுங்கள். ஜிப்சம் போர்டுதான் ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. சட்டத்தைத் தொடாமல் சிமென்ட் போர்டு மாற்றினோம், தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி.

சேனலிலும் ஏமாற இடமுண்டு. ஃபால்ஸ் சீலிங்குக்கு வாங்கும் மெல்லிய சேனலையே சிலர் சுவருக்கும் நிறுத்திவிடுகிறார்கள், கை வைத்து அழுத்தினால் போர்டு ஆடும். 50 மி.மீ. அகலம், குறைந்தது 0.5 மி.மீ. தடிமன், இரண்டடி இடைவெளி என்று கேட்டு வாங்குங்கள். டிவி, அலமாரி மாட்டும் இடத்தில் உள்ளே பிளைவுட் பட்டை வைக்கச் சொல்லுங்கள். இதில் மரம்தான் வசதி, எங்கே திருகினாலும் பிடிக்கும். சேனலின் ஓட்டை விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், ஒயரை பைப்புக்குள் விட்டே இழுங்கள்.

வருஷா வருஷம் தண்ணீர் புகும் சொந்தக் கட்டடமா? அப்படியானால் இரண்டுமே வேண்டாம், நாலு அங்குல ஹாலோ பிளாக் கட்டிப் பூசிவிடுங்கள். கழுவி விட்டால் போதும். வாடகை இடத்துக்கு அது ஒத்துவராது.

எதைப் போடுவதாக இருந்தாலும் ஐப்பசி மழையில் இதைச் செய்து பாருங்கள். இரண்டடி பாலித்தீன் தாளை வெறும் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்தால் சுவரே கசிகிறது, முதலில் வாட்டர்ப்ரூஃபிங். வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றின் ஈரம், அதற்கு எக்ஸாஸ்ட் ஃபேன்.