வான் கோ அருங்காட்சியகம், ஆம்ஸ்டர்டாம்: தானே கற்ற ஓவியர் ஒருவரின் வேலைக்கூடத்தில் ஒரு நாள்

ஓவியப் பள்ளி எதிலும் படிக்காமல், வேலை முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாள்களிலும் நானாகவே வரைந்து பழகி வருகிறேன். ஆகவே ஓர் அருங்காட்சியகத்தை மதிப்பிட என்னிடம் இருப்பது ஒரே ஓர் அளவுகோல்: அங்கிருந்து திரும்பிய பிறகு என் கை முன்பைவிடத் தெளிவாக வேலை செய்கிறதா? ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான் கோ அருங்காட்சியகம், இதுவரை நான் பார்த்த எந்தக் காட்சிக்கூடத்தையும்விட அந்த அளவுகோலில் உயர்ந்து நிற்கிறது. ஏறத்தாழ 200 ஓவியங்களும் 500 கோட்டோவியங்களும் 700-க்கு மேற்பட்ட கடிதங்களும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பதால், ஒரு மனிதர் எதைப் பார்த்தார், எதைக் கொண்டு வரைந்தார், எங்கே தடுமாறினார் என்பதை அடுத்தடுத்த தளங்களில் ஏறியபடியே பின்தொடர முடிகிறது. காதை அறுத்துக்கொண்டவர் என்ற கதையோடு மட்டும் அவரை அறிந்தவர்கள், இங்கே முற்றிலும் வேறொருவரைச் சந்திப்பார்கள்.

வான் கோ ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880-இல், தமது 27-ஆம் வயதில். அதற்கு முன் கலைப்பொருள் விற்பனை நிலையத்திலும் பள்ளியிலும் புத்தகக் கடையிலும் வேலை பார்த்து, சுரங்கத் தொழிலாளர்களிடையே சமயப் போதகராகவும் இருந்து பார்த்திருந்தார். பயிற்சி ஏடுகளில் உள்ள படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைவதே அவருடைய முதல் பள்ளி. உறவினரான ஓவியர் ஆன்டன் மௌவ் சில காலம் வழிகாட்டினார். ஆன்ட்வெர்ப் கலைக்கழகத்திலும் பாரிஸில் ஓவியர் கோர்மோனின் பயிலகத்திலும் இருந்த நாள்கள் மிகக் குறைவு. மற்றதெல்லாம் அவர் தாமாகத் தேடிக்கொண்டது.

1882-இல் வரைந்த ஸ்கேவெனிங்கன் கடற்கரை ஓவியத்தின் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். புயற்காற்றில் கடற்கரையிலேயே நின்று வரைந்ததால், ஈரமான வண்ணத்தில் மணல் வந்து ஒட்டிக்கொள்ள, அவர் அதைச் சுரண்டிவிட்டுத் தொடர வேண்டியிருந்தது. சில மணல் துகள்கள் இன்றும் அந்த வண்ணத்துக்குள்ளேயே இருக்கின்றன. அதே ஆண்டில் அவர் தச்சரையும் கொல்லரையும் கொண்டு ஒரு சட்டகம் செய்துகொண்டார். மரச் சட்டத்தின் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி, இரும்பு முனை பொருத்திய கழிகளில் மாட்டி மணலில் ஊன்றி, அதன் வழியே காட்சியைப் பார்த்துத் தொலைவின் அளவுகளைத் தாளுக்கு மாற்றும் கருவி அது. கட்டம் போட்டு வரைவதை ஏதோ குறுக்குவழி என்று எண்ணிக் கூச்சப்படும் நம்மைப் போன்றவர்களுக்கு, அவர் இதைப் பல ஆண்டுகள் தயங்காமல் பயன்படுத்தினார் என்ற செய்தி பெரிய ஆறுதல்.

1885-இல் வரைந்த 'உருளைக்கிழங்கு உண்போர்' ஓவியத்துக்கு முன் அவர் நாற்பதுக்கு மேற்பட்ட குடியானவர் முகங்களை வரைந்து பழகினார். தோல் உரிக்காத, மண் படிந்த உருளைக்கிழங்கின் நிறத்தையே அந்த முகங்களுக்குக் கொடுக்க முயன்றதாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். அருகருகே மாட்டப்பட்டிருந்த சில பயிற்சி முகங்களைப் பார்த்துவிட்டுப் பெரிய ஓவியத்துக்கு வரும்போது, கைகளின் விறைப்பும் உடல்களின் கோணலும் கண்ணில் படத்தான் செய்கின்றன. நண்பர் வான் ராப்பார்டும் அன்றைக்கே அவற்றைக் கடுமையாகக் குறை சொன்னார். ஆனால் அந்தப் பழுப்பு இருளில் விளக்கொளி பரவும் விதம், குறைகளையெல்லாம் தாண்டி மனத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இந்தத் தொகுப்பில் நான் மிகவும் போற்றுவது ஓவியமே அல்ல. அரக்குப் பூச்சுள்ள ஒரு சிவப்புப் பெட்டியும், அதற்குள் உள்ள 16 கம்பளி நூலுருண்டைகளும்தான் அது. வெவ்வேறு நிறமுள்ள இழைகளைச் சேர்த்து முறுக்கி, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது நின்றால் இரண்டும் ஒளிரும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார். சிவப்பும் பச்சையும் போன்ற எதிர்நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்னும் கோட்பாட்டை நூல்களில் படித்திருந்தவர், விலை உயர்ந்த வண்ணத்தை வீணாக்காமல் அதைக் கண்ணால் கண்டறிய இந்த எளிய வழியைக் கைக்கொண்டார். நெசவும் சாயமும் அறிந்த குடும்பத்தில் பிறந்தவன் என்பதாலோ என்னவோ, அந்த உருண்டைகளைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஊர் திரும்பியதும் நான் முதலில் செய்த வேலை, தையற்கடையில் மிஞ்சிய நூல்களைக் கேட்டு வாங்கி முறுக்கிப் பார்த்ததுதான்.

பாரிஸ் காலத்துத் தன்னுருவப் படங்களின் வரிசையும் இதே சிக்கனத்தைச் சொல்கிறது. முன்னால் அமர்வோருக்குக் கொடுக்கப் பணமில்லாததால் அவர் கண்ணாடியின் முன் அமர்ந்தார். அட்டையிலும், பழைய படங்களின் பின்புறத்திலும்கூட வரைந்தார். 1887-இல் வரைந்த சாம்பல் நிறத் தொப்பி அணிந்த முகத்தில், தலையைச் சுற்றி ஒளிவட்டம்போல் ஓடும் தூரிகைக் கோடுகளைப் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். அச்சுப் படங்களில் இந்த மேடு பள்ளம் தெரிவதே இல்லை. அந்த ஆண்டுகளில் அவர் நூற்றுக்கணக்கான ஜப்பானிய மரக்கட்டை அச்சுகளைச் சேர்த்தார். ஹிரோஷிகேயின் பூத்த பிளம் மரத்தோட்டத்தை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்தது இங்கே இருக்கிறது. மூலத்தின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நிறங்களை மட்டும் தம் விருப்பப்படி உரத்து ஒலிக்கச் செய்திருக்கிறார். நகலெடுப்பது எப்போது கற்றலாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை.

வண்ணப் பொருள்களைப் பற்றிய விளக்கங்களில் இந்த அருங்காட்சியகம் காட்டும் நேர்மை என்னை வியக்க வைத்தது. 1888 அக்டோபரில் வரைந்த 'படுக்கையறை'யின் சுவர்கள் இன்று வெளிர் நீலம். அவர் பூசியதோ வெளிர் ஊதா. ஊதாவிலிருந்த சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் மங்கிவிட, நீலம் மட்டும் எஞ்சியிருக்கிறது. 1890-இல், தம்பிக்குப் பிறந்த குழந்தைக்காக வரைந்த வாதுமைப் பூக்களிலும் இளஞ்சிவப்பு இப்படியே குறைந்திருக்கிறது. 1889-ஆம் ஆண்டின் 'சூரியகாந்திகள்' படத்தில் குரோம் மஞ்சள் என்னும் வண்ணம் பூசிய சில பகுதிகள் கருத்துவிட்டன. பல ஆண்டு ஆய்வுக்குப் பின், அந்தப் படம் இனி வேறெங்கும் பயணம் செய்யாது என்று 2019-இல் அறிவித்தார்கள். இந்தப் புதிய வண்ணங்கள் நிலைத்து நிற்காதவை என்பது வான் கோவுக்கே தெரியும். காலம் எப்படியும் மங்கச் செய்யும் என்பதால்தான் அவற்றை இன்னும் அழுத்தமாகப் பூச வேண்டும் என்று அவர் கருதினார். விலை மலிவு என்று நான் வாங்கிய ஓர் இளஞ்சிவப்பு வண்ணக் குழலைக் கொண்டு வரைந்த படம், ஜன்னலோரச் சுவரில் இரண்டே ஆண்டுகளில் வெளுத்துப்போன அனுபவம் எனக்கு உண்டு. அதன் காரணத்தை அந்தப் படுக்கையறையின் முன்னால் நின்றபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். இப்போதெல்லாம் நிறத்தின் பெயரைப் பார்த்து வாங்குவதில்லை. எந்த நிறப்பொருள் சேர்ந்தது என்று காட்ட குழலின் மேல் அச்சிட்டுள்ள நிறமி எண்ணையும், வெளிச்சத்தில் எவ்வளவு மங்காமல் நிற்கும் என்று காட்டும் குறியையும் பார்த்த பிறகே வாங்குகிறேன்.

செல்ல விரும்புவோர் நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்து இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். வாயிலில் சீட்டு விற்பதில்லை. 18 வயது நிரம்பாதவர்களுக்குக் கட்டணம் இல்லை. 'விண்மீன்கள் நிறைந்த இரவு' நியூயார்க்கில் இருப்பதால், அதை எதிர்பார்த்து யாரும் செல்ல வேண்டாம். தாளில் வரைந்தவை வெளிச்சத்தைத் தாங்காதவை என்பதால் கோட்டோவியங்களையும் கடிதங்களையும் மாற்றி மாற்றியே வைக்கிறார்கள். கடிதங்கள் அனைத்தையும் ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம் என்பதால், சிலவற்றை முன்னரே படித்துவிட்டுச் செல்வது நல்லது. நாளின் முதல் நேரத்தைப் பிடித்து, சூரியகாந்திகளின் முன் கூட்டம் சேர்வதற்குள் அதை முதலில் பார்த்துவிட்டு, பின் கீழ்த்தளத்திலிருந்து வரிசையாகத் தொடங்குவது என் பரிந்துரை. அரை நாளாவது வேண்டும். வரைபவர்களுக்கு அதுவும் போதாது.

இறுதியாக 'மர வேர்கள்' முன் வந்து நின்றேன். 1890 ஜூலை 27 அன்று அவர் கடைசியாக வேலை செய்த ஓவியம் இது. கரைச்சரிவில் வெளியே தெரியும் வேர்களும் அடிமரங்களும் நீலத்திலும் பச்சையிலும் முறுக்கிக் கிடக்க, சில இடங்கள் இன்னும் நிறைவு பெறாமலே இருக்கின்றன. அந்த இடங்களில் முதலில் எந்தக் கோட்டைப் போட்டார், எந்த நிறத்தை அதன்மேல் வைக்கத் தொடங்கினார் என்பது பார்ப்பவருக்குத் தெரிகிறது. காவலர் மூடும் நேரத்தை நினைவூட்டும்வரை நான் அங்கேதான் இருந்தேன்.